ஸ்டாலின் இறந்த வாரம்: அழுதவர்கள் எதற்காக அழுதார்கள்?

1953 மார்ச் 4 காலை, சோவியத் வானொலி ஒரு மருத்துவ அறிக்கையை வாசித்தது. தோழர் ஸ்டாலினுக்கு மூளையில் ரத்தக் கசிவு, நினைவு தப்பிவிட்டது, பேச்சு இல்லை, வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. நாடித் துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, மூச்சு எப்படி இழுக்கிறது என்றெல்லாம் விவரமாகச் சொன்னார்கள். தலைவரின் உடல்நிலை பற்றி அதுவரை ஒரு வரி கேட்டிராத மக்கள் அவர்கள். அவருக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு, அதில் ரத்தம் ஓடுகிறது, அது கசியவும் செய்யும் என்பதே பலருக்கு அன்றுதான் உறைத்தது. மார்ச் 6 விடியற்காலையில் வானொலி அறிவிப்பாளர் யூரி லெவிட்டானின் குரல் மரணத்தை அறிவித்தது. 1941இல் போர் மூண்டதைச் சொன்னதும், 1945இல் வெற்றியைச் சொன்னதும் அதே குரல்தான். அந்தக் குரல் மெதுவாக ஆரம்பித்தாலே ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்த சில நாட்களில் லட்சக்கணக்கானோர் அழுதார்கள். சர்வாதிகாரி ஒருவர் இறந்து, மக்கள் தெருவில் நின்று கதறுவதைப் பார்த்தால் நமக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: இது நிஜமா, நடிப்பா? 1994இல் கிம் இல் சுங் இறந்தபோதும், 2011இல் அவர் மகன் கிம் ஜாங் இல் இறந்தபோதும் பியாங்யாங் காட்சிகளைப் பார்த்து உலகம் முழுக்க இதைத்தான் கேட்டது. வட கொரியாவைப் பற்றி வெளியிலிருந்து உறுதியாகச் சொல்வது கடினம். ஆனால் 1953 மாஸ்கோவைப் பற்றி நாட்குறிப்புகள், நினைவுக் குறிப்புகள், கடிதங்கள், வழக்குக் கோப்புகள் என்று ஏராளமாக வெளிவந்துவிட்டன. அவற்றைப் படித்தால் அழுகை பெரும்பாலும் நிஜம் என்பது தெரிகிறது. அப்புறம் இன்னொன்றும் தெரிகிறது. அந்த நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம், “ஐயோ, போய்விட்டாரே” என்பதைவிட, “இனி நம் கதி என்ன?” என்பதுதான்.

என் பார்வையில் விஷயமே அந்த வாசகத்தில்தான் இருக்கிறது. இறந்தவர்மீது இருந்த பாசத்தைவிட, மறுநாள் காலை என்ன நடக்குமோ என்ற பயமே அதிகம் அழ வைத்தது. அந்தப் பயம் தானாக வந்துவிடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து கட்டிய ஓர் அமைப்பு அதைத் தயாரித்து வைத்திருந்தது.

கதவைத் தட்டத் துணியாதவர்கள்

மரணம் திடீரென்றுதான் வந்தது. பிப்ரவரி 17 அன்று இந்தியத் தூதர் கே.பி.எஸ். மேனன் கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தார். பேசிக்கொண்டே ஸ்டாலின் ஒரு தாளில் ஓநாய்களாக வரைந்துகொண்டிருந்ததையும், வெறி பிடித்த ஓநாயை எப்படி ஒழிப்பது என்பது எங்கள் விவசாயிகளுக்குத் தெரியும் என்று சொன்னதையும் மேனன் பதிவு செய்திருக்கிறார். 74 வயதுக்கு ஆள் திடமாகவே இருந்தார். பிப்ரவரி 28 இரவு, மாஸ்கோவின் புறத்தே குன்ட்செவோவில் இருந்த அவருடைய மாளிகையில், நெருங்கிய சகாக்களான மாலென்கோவ், பெரியா, குருஷ்சேவ், புல்கானின் நால்வரோடும் விடியும்வரை விருந்து நடந்தது.

மறுநாள் மார்ச் 1. மதியம் ஆகியும் அவர் அறையில் அசைவில்லை. அழைக்காமல் உள்ளே போகக் கூடாது என்பது உத்தரவு. காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலையில் உள்ளே விளக்கு எரிந்தது, அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள். அப்புறமும் அவர் வெளியே வரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல்தான், கட்சித் தலைமையகத்திலிருந்து வந்த தபாலைச் சாக்காக வைத்துக்கொண்டு காவல் அதிகாரி ஒருவர் துணிந்து உள்ளே போனார். ஸ்டாலின் தரையில் கிடந்தார். பேச முடியவில்லை. தகவல் போய், நால்வரில் சிலர் வந்து பார்த்து, தூங்குகிறார், ஏன் கலாட்டா செய்கிறீர்கள் என்று காவலர்களைக் கடிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். மருத்துவர்கள் வந்து சேர்ந்தது மார்ச் 2 காலையில்.

அந்த மருத்துவர்களின் நிலைமையும் பரிதாபம்தான். அதே ஆண்டு ஜனவரி 13 அன்று கட்சி நாளிதழான ‘பிராவ்தா’ ஒரு செய்தி வெளியிட்டிருந்தது: கிரெம்ளின் மருத்துவர்கள் சிலர் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தார்களாம். கைதானவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஸ்டாலினுக்கே பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்த வினோகிராதோவ் அப்போது சிறையில் இருந்தார். புதிதாக அழைத்துவரப்பட்டவர்களுக்கு நோயாளியின் சட்டையைக் கழற்றவே கை நடுங்கியது. ஒரு மனிதர் தன்னைச் சுற்றி விதைத்த பயம், கடைசியில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் வராமல் செய்துவிட்டது.

மார்ச் 5 இரவு 9.50க்கு உயிர் பிரிந்தது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே, அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, கிரெம்ளினில் கூட்டம் போட்டுப் பதவிகளைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். மாலென்கோவ் பிரதமர், பெரியாவிடம் உள்துறை, மோலடோவுக்கு மறுபடி வெளியுறவு. இந்த மாற்றங்களை அறிவித்த அரசுக் குறிப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது: குழப்பமோ பீதியோ எதுவும் ஏற்படாமல் தடுப்பதற்காக இந்த ஏற்பாடுகள் என்று. தலைவர் இறந்து சில மணி நேரத்தில், தன் மக்களைக் குறித்து அரசுக்கு எழுந்த முதல் எண்ணம் அது. மக்களுக்கு அரசிடம் பயம், அரசுக்கு மக்களிடம் பயம்.

மாளிகைக்குள் நடந்த ஒன்றை ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா எழுதியிருக்கிறார். தலைவர்கள் அவசர அவசரமாகக் காரேறிப் போன பிறகு வேலையாட்கள் விடைபெற வந்தார்கள். பல ஆண்டுகள் அந்த வீட்டைப் பராமரித்து வந்த பெண் படுக்கையருகே மண்டியிட்டு, இறந்தவரின் மார்பில் தலையை வைத்து, கிராமத்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பதைப் போலவே உரக்க அழுதார். வெகுநேரம் அழுதார், யாரும் தடுக்கவில்லை. அந்த அழுகையில் பொய் இருந்திருக்காது. அவருக்கு அது தினமும் சோறு போட்ட கை, அவ்வளவுதான். இருபது கோடி மக்கள் உள்ள நாடு அழுதது வேறு கதை.

த்ரூப்னயா சதுக்கம்

மார்ச் 6 மதியத்துக்கு மேல், உடல் மாஸ்கோவின் நடுவே உள்ள தூண்கள் மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. நகரம் முழுக்க அங்கே கிளம்பியது. வயதானவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் வேடிக்கை பார்க்கப் போன சிறுவர்கள். எல்லோருமே துக்கத்தில் போனார்கள் என்று சொல்ல முடியாது. “அவரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்” என்ற ஆசையில் போனவர்கள் நிறைய. வாழ்நாள் முழுக்கச் சுவரில் படமாக மட்டுமே பார்த்த ஒருவரை நேரில் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.

ரோஜ்டெஸ்ட்வென்ஸ்கி சாலை சரிவாக இறங்கி த்ரூப்னயா சதுக்கத்தில் முடிகிறது. மேலேயிருந்து கூட்டம் இறங்க இறங்க, பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களைத் தள்ளினார்கள். கீழே பக்கத் தெருக்களை ராணுவ லாரிகளை வரிசையாக நிறுத்தி அடைத்து வைத்திருந்தார்கள். குதிரைப்படைக் காவலர்கள் குறுக்கே நின்றார்கள். வெளியேற வழியில்லை. லாரிகளின் இரும்பு விளிம்பிலும் வீட்டுச் சுவர்களிலும் விளக்குக் கம்பத்திலும் மோதி மனிதர்கள் நசுங்கினார்கள். சிலர் லாரிக்கு அடியில் ஊர்ந்து தப்பினார்கள், சிலர் குழந்தைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றிவிட்டார்கள். தெரு காலியான பிறகு அறுந்த பித்தான்களும் ஒற்றைச் செருப்புகளும் குவிந்து கிடந்தன.

கவிஞர் எவ்துஷென்கோ அந்தக் கூட்டத்தில் இருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. லாரியை நகர்த்துங்கள் என்று கீழே சாகிறவர்கள் கத்த, மேலே நின்ற இளம் அதிகாரி கண்ணீரோடு “முடியாது, எனக்கு உத்தரவு இல்லை” என்று திரும்பக் கத்தியதை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அதிகாரி கல்நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் அழுதிருக்கிறார். உத்தரவில்லாமல் ஒரு லாரியை நகர்த்தினால் தன் தலை போகும் என்று அவருக்குத் தெரியும். முந்தைய ஞாயிற்றுக்கிழமை குன்ட்செவோவில் கதவைத் தட்டத் துணியாத காவலர்களுக்கும் இவருக்கும் ஒரே பாடத்தைத்தான் அரசு சொல்லிக்கொடுத்திருந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்? அதிகாரபூர்வ எண்ணிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை. பேச்சில் உலவும் எண்கள் நூறில் தொடங்கி ஆயிரங்கள் வரை போகின்றன. மறுநாள் செய்தித்தாள்களில் இதுபற்றி ஒரு வரி இல்லை. 1896இல் இதே மாஸ்கோவில், இரண்டாம் நிக்கோலஸ் முடிசூடியபோது, ஹோடின்கா மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டு 1,300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது மன்னராட்சி. ஆனாலும் எண்ணிக்கை வெளிவந்தது, விசாரணை நடந்தது, காவல் துறைத் தலைவர் பதவியிழந்தார். மக்கள் பெயரால் நடந்த ஆட்சியில், தங்கள் தலைவருக்கு அஞ்சலி செலுத்தப் போய்ச் செத்தவர்களுக்கு ஒரு பட்டியல்கூட இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அதே மார்ச் 5 அன்று, ஸ்டாலினுக்குச் சிறிது நேரம் முன்பாக, இசைமேதை புரோகோஃபியெவ் மாஸ்கோவில் காலமானார். அவர் வீடு தூண்கள் மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் ஒன்று. நெரிசலிலும் தடுப்புகளிலும் சவப்பெட்டியை வெளியே கொண்டுபோவதே பெரும்பாடாகிவிட்டது. அவருக்கு வைக்க நகரத்தில் பூ இல்லை. பூவெல்லாம் ஒரே இடத்துக்குப் போய்விட்டது. பியானோ கலைஞர் ரிக்டரை திபிலிசியிலிருந்து மலர்வளையங்கள் நிறைந்த விமானத்தில் ஏற்றி, ஸ்டாலின் உடலருகே வாசிக்க அழைத்துவந்தார்கள். புரோகோஃபியெவ் இறந்த செய்தி பத்திரிகையில் வருவதற்கே சில நாட்கள் ஆயிற்று.

வீட்டுக்குள்ளே

தெருவில் தெரிந்தது ஒரு முகம். வீட்டுக்குள் வேறு முகங்கள்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் பிராட்ஸ்கி அப்போது லெனின்கிராடில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். பள்ளியில் ஆசிரியை எல்லோரையும் மண்டியிடச் சொல்லி அழ வைத்தார். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அப்பா மட்டும் மகனைப் பார்த்துக் கண்ணடித்தார். யூதக் குடும்பம் அது. மருத்துவர் சதி வழக்குக்குப் பிறகு தங்களையெல்லாம் கிழக்கே நாடு கடத்தப்போகிறார்கள் என்ற வதந்தியில் யூதர்கள் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரே வீட்டில் ஒருவர் அழ, இன்னொருவர் கண்ணடிக்க, இரண்டுமே பொய்யில்லை. அந்தக் கண்ணடிப்பு தெருவில் நடந்திருந்தால் அப்பா சிறைக்குப் போயிருப்பார். மார்ச் மாதத்தில் மகிழ்ச்சியாகப் பேசியதற்காக, போதையில் ஒரு வார்த்தை உளறியதற்காக, சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளப்பட்டவர்களின் கோப்புகள் இன்று ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அழுகை வரவில்லையே, யாராவது கவனித்துவிடுவார்களோ என்று பயந்து, அந்தப் பயத்திலேயே அழுதுவிட்ட பிள்ளைகளின் நினைவுகளும் நிறைய உண்டு.

படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் எப்படி? ஆந்திரேய் சகாரோவ் அப்போது ரகசிய நகரம் ஒன்றில் ஹைட்ரஜன் குண்டு வேலையில் இருந்தார். ஒரு மாமனிதரின் மறைவு என்னை உலுக்கிவிட்டது, அவருடைய மனிதாபிமானத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். மனித உரிமைக்காகப் பின்னாளில் நாட்டையே எதிர்த்து நின்ற அதே சகாரோவ்தான். அந்தக் கடிதத்தை நினைத்து வெட்கப்பட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். கைதுகளும் முகாம்களும் அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அப்படி எழுதினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாம் செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும் என்று மனம் ஏங்கும்போது, தெரிந்த உண்மையையும் அது ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது மோலடோவின் மனைவி பொலினாவின் கதை. 1949இல் கைதானவர். கணவர் ஆட்சியின் உச்சியில், மனைவி சிறையில். ஸ்டாலினின் இறுதிச் சடங்கு நடந்த மார்ச் 9 மோலடோவுக்குப் பிறந்தநாள். சவப்பெட்டிக்கு அருகே நின்று அவர் அஞ்சலி உரை வாசித்தார். மனைவி விடுதலையானது அதற்குப் பிறகுதான். வெளியே வந்த பொலினா கடைசிவரை ஸ்டாலினை விட்டுக்கொடுக்கவே இல்லை. மற்றவர்கள் குறை சொன்னால் சண்டைக்குப் போவார்.

சிறையும் முகாமும் கண்ட எல்லோரும் அப்படி இல்லை. 1937இல் கைதாகி, முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கழித்து, தூரக் கிழக்கில் மகதானில் வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர் எவ்கேனியா கின்ஸ்பர்க் செய்தி கேட்டதும் மேசையில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுதது ஸ்டாலினுக்காக இல்லை. அந்த மனிதர் தனக்கும் தன் குழந்தைகளுக்கும் தன் தாய்க்கும் செய்ததையெல்லாம் நினைத்து. தூரத்திலிருந்து படமெடுத்திருந்தால் அதுவும் தலைவருக்காகக் கதறும் குடிமகளின் படமாகத்தான் வந்திருக்கும்.

கம்பிவேலிக்கு உள்ளே

சோவியத் முகாம்களிலும் கட்டாய உழைப்புக் குடியிருப்புகளிலும் அப்போது ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தார்கள். அங்கே மகிழ்ச்சி வெளிப்படையாகவே வந்தது. கைதிகள் ஸ்டாலினை “மீசைக்காரன்” என்றுதான் சொல்வார்கள். மீசைக்காரன் செத்தான் என்று தொப்பியை வீசி எறிந்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? கஜகஸ்தானில் ஒரு சிற்றூரில் அன்றுதான் நாடுகடத்தல் வாழ்க்கையைத் தொடங்கியிருந்த எழுத்தாளர் சோல்ஜெனிட்சினுக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. சுற்றிலும் ஆசிரியைகள் அழ, உள்ளுக்குள் பொங்கிய சந்தோஷத்தை அடக்கி, துக்க முகத்தோடு நிற்க வேண்டியிருந்தது என்று எழுதினார். 1944இல் சொந்த மண்ணிலிருந்து சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய் மத்திய ஆசியாவில் கொட்டப்பட்ட செச்சென் மக்களும் வீட்டுக்குள்ளேதான் அதைக் கொண்டாடினார்கள்.

மார்ச் 27 அன்று பொது மன்னிப்பு வந்தது. ஐந்தாண்டு வரை தண்டனை பெற்றவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் என்று சுமார் 12 லட்சம் பேர் விடுதலையானார்கள். அரசியல் கைதிகளில் பெரும்பாலோருக்கு அது பொருந்தவில்லை. ஏப்ரல் 4 அன்று மருத்துவர் சதி என்பதே பொய், வாக்குமூலங்கள் சட்டத்துக்குப் புறம்பான முறைகளில் வாங்கப்பட்டவை என்று ‘பிராவ்தா’ அறிவித்தது. ஒரு வதந்தி பொய்யானது என்பதோடு அது நிற்கவில்லை. அரசே தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதைச் சோவியத் மக்கள் கேட்டதே இல்லை. பயம் கொஞ்சம் இளகியது. இளகியதும் என்ன ஆயிற்று என்று பாருங்கள்: மே மாதம் நோரில்ஸ்க் முகாம்களிலும், ஜூலையில் வொர்குதா சுரங்கங்களிலும் கைதிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 1 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பில்சன் நகரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 17 அன்று கிழக்கு ஜெர்மனி முழுவதும் கிளர்ந்தது. அதை ஆரம்பித்தவர்கள் பெர்லினில் ஸ்டாலின் பெயரால் அமைந்த சாலையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்கள். சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. குறைந்தது 55 உயிர்கள் போயின. மூன்று மாதம் முன்பு இதே நகரங்களில் கறுப்புக் கொடியோடு அஞ்சலி ஊர்வலம் போயிருந்தது.

வெளியே இருந்தவர்கள்

தூரத்தில் இருந்தவர்களுக்கு ஸ்டாலின் வேறு ஆள். தலைவர் கவலைக்கிடம் என்ற செய்தி வந்ததும் மார்ச் 5 அன்று டோக்கியோ பங்குச் சந்தை ஒரே நாளில் சுமார் 10 சதவீதம் விழுந்தது. அவர் போனால் கொரியப் போர் முடிந்துவிடும், போருக்கான கொள்முதல் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பவில்லை, ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. பாரிஸில் கம்யூனிஸ்ட் வார இதழ் ஒன்றுக்காக பிகாசோ வரைந்த ஸ்டாலின் ஓவியம் பெரிய ரகளையானது. இளைஞனாக, சாதாரண மனிதனாக வரைந்துவிட்டார் என்று கட்சித் தலைமை கண்டித்தது. டெல்லியில் நேரு நாடாளுமன்றத்தில் அஞ்சலி செலுத்திப் பேசினார். தமிழ்நாட்டில் மார்ச் 1 அன்று பிறந்த தன் மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தது எல்லோருக்கும் தெரிந்ததே. நாஜிகளைத் தோற்கடித்தவர், உழைப்பாளிகளின் அரசை நடத்தியவர் என்ற அளவில்தான் இங்கே அவரைத் தெரியும். முகாம்களைப் பற்றி வந்த செய்திகளை மேற்கத்தியப் பிரச்சாரம் என்று பலரும் ஒதுக்கினார்கள். தவறான தகவல் என்பதைவிட, பாதித் தகவலில் வந்த மரியாதை அது.

லாகோஸ் ஏன் ஆடியது, மாஸ்கோ ஏன் அழுதது?

எல்லாச் சர்வாதிகாரிகளின் சாவுக்கும் ஒப்பாரி எழுவதில்லை. 1998 ஜூன் 8 அன்று நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா திடீரென்று இறந்தார். எழுத்தாளர் கென் சாரோ விவாவைத் தூக்கிலிட்டவர். அன்றே கானோவில் உடலை அடக்கம் செய்துவிட்டார்கள். லாகோஸ் தெருக்களில் மக்கள் ஆடிப் பாடினார்கள். சொர்க்கத்திலிருந்து வந்த ஆட்சிக் கவிழ்ப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அபாச்சாவும் பயங்கரமான ஆட்சிதான் நடத்தினார். வித்தியாசம் எங்கே? அவர் பதவியில் இருந்தது ஐந்தாண்டுக்கும் குறைவு. அதற்கு முந்தைய வாழ்க்கை எல்லோருக்கும் நினைவிருந்தது. 1993 தேர்தலில் வென்று பதவி மறுக்கப்பட்ட அபியோலா சிறையில் உயிரோடு இருந்தார். அபாச்சா போனால் யார் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் இருந்தது. தலைமறைவாக அச்சாகும் இதழ்கள், தொழிற்சங்கங்கள், தேவாலயங்கள், மசூதிகள் எல்லாம் அரசின் கைக்கு முழுக்க அடங்காமல் இயங்கின. ஒரு மாதம் கழித்து, ஜூலை 7 அன்று, அபியோலாவும் காவலிலேயே இறந்தபோது அதே லாகோஸ் கலவரத்தில் இறங்கியது. யார் சாவுக்கு எதைச் செய்வது என்று அந்த மக்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1953 மாஸ்கோவில் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஸ்டாலினைத் தவிர வேறு தலைவரைத் தெரியாது. அவருக்கு மாற்றாகச் சொல்லத்தக்க பெயர்கள் எல்லாம் 1930களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டு, புகைப்படங்களிலிருந்தும் அழிக்கப்பட்டுவிட்டன. இரண்டு கோடியே எழுபது லட்சம் உயிர்களைத் தின்ற போர் முடிந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அணுகுண்டு, கொரியா, அமெரிக்கா என்று தினமும் பத்திரிகை பயமுறுத்தியது. வீட்டுக்கு வீடு அப்பாவையோ அண்ணனையோ போரில் பறிகொடுத்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்கெல்லாம் அர்த்தம் கொடுத்த ஒரே பெயர் வெற்றிக்குத் தலைமை தாங்கியவரின் பெயர்தான். புதைக்க உடல்கூடக் கிடைக்காத தன் மகனை நினைத்து அழ, பல தாய்மார்களுக்கு அன்றுதான் பொது இடத்தில் அனுமதி கிடைத்தது. மார்ச் 9 நண்பகலில் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் வேலை நின்று, ஆலைச் சங்குகளும் ரயில் ஊதல்களும் ஒன்றாக ஒலித்தபோது, ஒவ்வொருவரும் யாரை நினைத்துக்கொண்டார்கள் என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

அழுகை எவ்வளவு நாள் தாங்கியது?

அதிக நாள் தாங்கவில்லை. தனிமனிதத் துதியை நிறுத்த வேண்டும் என்று மாலென்கோவ் மார்ச் 10 அன்றே பத்திரிகைப் பொறுப்பாளர்களைக் கடிந்துகொண்டார். ஸ்டாலினைக் காலகாலத்துக்கும் எழுத்தில் நிறுத்துவதே எழுத்தாளர்களின் தலையாய கடமை என்று மார்ச் 19 அன்று எழுதிய எழுத்தாளர் சிமோனோவ், குருஷ்சேவின் கோபத்துக்கு ஆளானார். வாரங்கள் செல்லச் செல்ல ‘பிராவ்தா’வில் அந்தப் பெயர் குறைந்தது. ஜூன் 26 அன்று பெரியா கைதானார், டிசம்பரில் சுடப்பட்டார். “இனி நம் கதி என்ன?” என்று அழுதவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: கதி ஒன்றும் ஆகவில்லை. சூரியன் உதித்தது, ரொட்டிக் கடை திறந்தது, ஏப்ரலில் விலைகூடக் குறைந்தது, சிலர் வீடுகளுக்கு அப்பா திரும்பி வந்தார்.

ஜார்ஜியா மட்டும் வேறு மாதிரி. 1956 பிப்ரவரியில் குருஷ்சேவ் ரகசிய உரையில் ஸ்டாலினைக் கண்டித்த பிறகு, இறந்தநாளை ஒட்டி திபிலிசியில் இளைஞர்கள் திரண்டார்கள். தங்கள் மண்ணின் மகனை அவமதித்துவிட்டார்கள் என்ற கோபம் அது. மார்ச் 9 இரவு ராணுவம் சுட்டது, பலர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் ஸ்டாலின் சிலையை மக்கள் அறுத்துத் தள்ளினார்கள். பீடத்தில் காலணி மட்டும் மிஞ்சியது. ஒரே ஆண்டில், ஒரே பெயருக்காக, ஒரு நகரம் உயிரைக் கொடுத்தது, இன்னொன்று சிலையை உடைத்தது. இரண்டு இடத்திலும் சுட்டது ஒரே அரசின் ராணுவம்.

1961 அக்டோபர் 31 இரவு லெனின் பக்கத்திலிருந்து ஸ்டாலினின் உடலை எடுத்துக் கிரெம்ளின் சுவரோரம் புதைத்தார்கள். கலவரம் வருமோ என்று அரசு பயந்தது, செஞ்சதுக்கத்தை அடைத்துவிட்டுத்தான் வேலையைச் செய்தது. எதுவும் நடக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவரைப் பார்ப்பதற்காக நசுங்கிச் செத்த நகரம், காலையில் எழுந்து வேலைக்குப் போனது.

இதை வைத்து ரஷ்யர்கள் அவரை மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினால் தவறு. வரலாற்றின் மிகச் சிறந்த மனிதர்கள் யார் என்று ரஷ்யக் கருத்துக்கணிப்பு நிறுவனமான லெவாடா மையம் கேட்கும் கேள்விக்கு, 1989இல் ஸ்டாலின் பெயரைச் சொன்னவர்கள் 12 சதவீதம். 2017இல் அது 38 சதவீதமாகி முதலிடம் பிடித்தது. 2019இல் நாட்டின் வரலாற்றில் அவர் பங்கு நல்லதே என்றவர்கள் 70 சதவீதம். இதைச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் 1953க்குப் பிறகு பிறந்தவர்கள். கதவு தட்டப்படும் ஓசைக்காக இரவெல்லாம் காத்திருந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. சோவியத் ஒன்றியம் உடைந்து, 1990களில் சேமிப்பும் வேலையும் பறிபோன அனுபவம் இருக்கிறது. முகாம்களின் வரலாற்றைத் திரட்டி வந்த மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. த்ரூப்னயாவில் இறந்தவர்களின் எண்ணிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை.